நடத்தை விதியில் "என்எஃப்டி விற்கக் கூடாது" என்று ஒரு வரி சேர்க்கலாமா?

உம்கேனிக்கரை (டர்பன், பராமரிப்பாளர்) திங்கள், இரவு 8:40

வணக்கம். போன வாரம் சாட் அறையில் நடந்த சண்டையை இங்கே கொண்டுவருகிறேன். அங்கே எழுதினால் மேலே ஓடிப்போய்விடுகிறது, அப்புறம் யார் என்ன சொன்னார்கள் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

புதிதாக வந்தவர்களுக்கு: புள்ளி வரிசையைக் கொடுத்தால் நம் நிரல் நெளிக்கோலம் வரைந்து தரும். நிரல் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் இருக்கிறது. கூடவே ஒரு கோலத் தொகுப்பும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் நம் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் வீடுகளில் பெரியவர்கள் போட்டுக் காட்டியதை நாம் புள்ளி புள்ளியாகப் பதிந்து வைத்தது. அது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில்: கொடுத்தவர் பெயரைச் சொல்லி யாரும் எடுக்கலாம், விற்கலாம்; மாற்றினால் அதையும் அதே உரிமத்தில் விட வேண்டும்.

நம்மில் ஒருவர் அந்தத் தொகுப்பிலிருந்து முப்பது கோலங்களை எடுத்து, நிரலில் வரையவைத்து, வண்ணம் போட்டு, டெசோஸ் என்ற பிளாக்செயினின் சந்தை ஒன்றில் என்எஃப்டியாக (இன்னாருக்குச் சொந்தம் என்று பதியும் டிஜிட்டல் வில்லை, அதாவது டோக்கன்) விற்பனைக்கு வைத்திருக்கிறார். பக்கத்தின் தலையில் நம் நிரலின் பெயரும் சின்னமும். கோலம் கொடுத்தவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. போதாததற்கு மூன்று நாள் நம் சாட் அறையிலேயே "சீக்கிரம் எடுங்கள், விலை ஏறப்போகிறது" என்று இணைப்பு வேறு.

நான் எழுதிய வரைவு இது: "இந்தச் சமூகத்தில் இருப்பவர்கள் என்எஃப்டி உருவாக்கவோ விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது. மீறுபவர் நீக்கப்படுவார்." ஞாயிறு வரை பேசுவோம், அதன் பிறகு முடிவு.

மிட்ராண்ட் மழை (ஜோஹானஸ்பர்க் பக்கம்) திங்கள், இரவு 9:25

அண்ணா, உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் இந்த வரி நிற்காது.

எது திறந்த மூல உரிமம் என்று சொல்லும் ஓப்பன் சோர்ஸ் வரையறையின் முதல் விதியே, விற்பதைத் தடுக்கக் கூடாது என்பது. ஆறாம் விதி, இன்ன துறையில் பயன்படுத்தாதே என்று சொல்லக் கூடாது என்பது. வியாபாரத்துக்குக் கூடாது, மரபணு ஆராய்ச்சிக்குக் கூடாது என்று எழுதினால் அது ஓப்பன் சோர்ஸ் இல்லை என்று அதிலேயே உதாரணமும் கொடுத்திருக்கிறார்கள். 1998-லிருந்து இப்படித்தான். நாம் என்எஃப்டிக்கு மட்டும் தனியாக ஒரு கதவை அடைக்கப் பார்க்கிறோம்.

அடுத்தது, நிரல் வரைந்து தரும் படத்துக்கு ஜிபிஎல் ஒட்டாது. பிளெண்டர் என்ற வரைகலை நிரலில் செய்த படம் செய்தவருக்கே சொந்தம், அதுபோல. தொகுப்பிலிருந்து எடுத்த கோலத்துக்குத்தான் கிரியேட்டிவ் காமன்ஸ் ஒட்டும், அதுவும் விற்கலாம் என்றே சொல்கிறது. ஆக அந்தத் தம்பி செய்த தவறு விற்றது இல்லை, பெயரை விட்டது. அது உரிம மீறல். அதைக் கேட்க நடத்தை விதியே வேண்டாம், நேரே கேட்கலாம்.

துனி நாலு ஜாக் (சாட்ஸ்வர்த்) திங்கள், இரவு 9:41

எனக்கு ஒரு சின்ன சந்தேகம், சிரிக்காதீர்கள். வாங்கினவருக்கு என்னதான் கிடைக்கிறது? படம் நம் தளத்திலேயே சும்மா கிடக்கிறதே!

மிட்ராண்ட் மழை திங்கள், இரவு 10:02

ஒரு எண் கிடைக்கிறது. கேலிக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே அதுதான். பிளாக்செயினில், அதாவது பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் பொதுப் பதிவேட்டில், ஒரு ஒப்பந்த நிரல் இருக்கும். அதில் "இத்தனாம் எண் வில்லை இன்ன வாலட்டுக்கு (டிஜிட்டல் பணப்பைக்கு) சொந்தம்" என்று ஒரு பதிவு. பெரும்பாலும் படம் அங்கே இருக்காது, படம் இருக்கும் இடத்தின் இணைப்புதான் இருக்கும். தனியாக எழுதிக் கொடுக்காவிட்டால் படத்தின் காப்புரிமையும் கைமாறாது.

சிக்னல் செயலியைத் தொடங்கிய மாக்ஸி மார்லின்ஸ்பைக் 2022 ஜனவரியில் ஒரு வேலை செய்து காட்டினார். அவர் போட்ட என்எஃப்டி ஒரு சந்தையில் ஒரு படமாகத் தெரியும், இன்னொரு சந்தையில் வேறு படம். வாங்கி வாலட்டில் போட்டால் மலத்துண்டு எமோஜி! இணைப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் சர்வர் அவருடையது, யார் கேட்கிறார்கள் என்று பார்த்து படத்தை மாற்றிக் கொடுத்தார். ஓப்பன்சீ என்ற என்எஃப்டி சந்தை அதைத் தூக்கிவிட்டது, அதன் பிறகு அவர் வாலட்டிலும் அது தெரியவில்லை.

துனி நாலு ஜாக் திங்கள், இரவு 10:06

அப்படியா! அப்போ ரசீது மட்டும்தான், சாமான் கடையிலேயே இருக்கிறது.

கறிவேப்பிலை (ஃபீனிக்ஸ், மட்டுறுத்துநர்) செவ்வாய், காலை 6:15

மிட்ராண்ட் தம்பி, நீங்கள் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறீர்கள். உரிமம் நிரலைப் பற்றியது. நடத்தை விதி நம் கூடத்தில் யார் எப்படி உட்காரலாம் என்பதைப் பற்றியது. நிரலை எடுத்துக்கொண்டு போய் உலகத்தில் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், ஜிபிஎல் அதைத் தடுக்காது, நானும் தடுக்கவில்லை. என் திண்ணையில் உட்கார்ந்து கடை போடாதே என்கிறேன், அவ்வளவுதான். யாரைச் சேர்ப்பது, யாரை வெளியே அனுப்புவது என்பதற்கு ஓப்பன் சோர்ஸ் வரையறையில் ஒரு வரியும் கிடையாது.

எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்று கேட்பீர்கள். 2020-ல் என் அத்தானுக்கு வேலை போனது. கையில் வந்த செட்டில்மெண்ட் பணம் எண்பதாயிரம் ரேண்ட். ஒரு பிட்காயின் திட்டத்தில் போட்டார், மாதம் பத்து சதவீதம் என்றார்கள். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? முகம் தெரியாத யாரோ சொல்லி இல்லை. கோயில் வாட்ஸ்அப் குழுவில், காவடிக்கு அன்னதானப் பட்டியல் போடும் அதே குழுவில், நாங்கள் எல்லாரும் மாமா என்று கூப்பிடும் ஒருவர் போட்டார். மூன்று மாதம் திரையில் எண் ஏறியது. நான்காம் மாதம் திரையே திறக்கவில்லை. அந்த மாமாவும் பணத்தை இழந்தவர்தான், அவரைத் திட்டக்கூட முடியவில்லை. இன்றைக்கும் கோயிலில் இருவரும் எதிரெதிர்ப் பக்கம் நின்று சாமி கும்பிடுகிறார்கள்.

நம் சாட் அறையில் "விலை ஏறப்போகிறது" என்று பார்த்ததும் எனக்கு அந்தக் குழுதான் நினைவுக்கு வந்தது. இந்த மாதிரி சாமான் வேலை செய்வதே ஒருவர் மேல் ஒருவருக்கு இருக்கும் நம்பிக்கையில்தான். நம்மிடம் இருக்கிற ஒரே சொத்தும் அதுதான்.

அப்புறம் திருட்டு. ஓப்பன்சீயே 2022 ஜனவரியில் ஒப்புக்கொண்டது: காசில்லாமல் என்எஃப்டி மின்ட் பண்ண, அதாவது உருவாக்க, அவர்கள் கொடுத்த கருவியில் உருவானவற்றில் எண்பது சதவீதத்துக்கு மேல் திருடின படம், போலித் தொகுப்பு, குப்பை. நான் சொல்லவில்லை, கடைக்காரரே சொன்னது. கரண்ட் செலவைப் பற்றி நான் சொல்லவே ஆரம்பிக்கவில்லை. ஸ்டேஜ் 6 மின்வெட்டில் மெழுகுவர்த்தி வைத்து உட்கார்ந்திருந்த ஊர் நம்முடையது.

மிட்ராண்ட் மழை செவ்வாய், மதியம் 1:10

அக்கா, திண்ணை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, நான் குழப்பிவிட்டேன். ஒப்புக்கொள்கிறேன்.

கரண்ட் விஷயத்தில் மட்டும் விடமாட்டேன். 2021-ல் அந்தப் புகார் சரி. எதீரியம் என்ற பிளாக்செயின் அப்போது மைனிங்கில் (கணினிகள் போட்டி போட்டுக் கணக்குப் போடும் முறையில்) ஓடியது, ஒரு நாடு எரிக்கும் அளவு மின்சாரத்தை எரித்தது. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி அது மைனிங்கை விட்டுவிட்டு பங்கு வைத்துச் சரிபார்க்கும் முறைக்கு மாறியது. மின்செலவு 99 சதவீதத்துக்கு மேல் இறங்கிவிட்டது. தம்பி விற்ற டெசோஸ் ஆரம்பத்திலிருந்தே அந்த முறைதான். நம் ஊர் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியில் வருகிறது, அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் 2021-ல் கரண்டைக் காரணம் காட்டி ஒரு விதி எழுதியிருந்தால், 2022-ல் காரணம் போய் விதி மட்டும் நின்றிருக்கும். பொருளின் பெயரை விதியில் எழுதுவதில் எனக்கு இருக்கும் பயமே இதுதான்.

டோஸ்டர் தாத்தா (பீட்டர்மாரிட்ஸ்பர்க்) செவ்வாய், மாலை 5:30

பிள்ளைகளே, என் பெயர்க் காரணம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஷட்டில்வர்த் அறக்கட்டளை ஒரு காலத்தில் ஊர் ஊராக ஃப்ரீடம் டோஸ்டர் என்று ஒரு பெட்டி வைத்தது. வெற்று சிடியை எடுத்துக்கொண்டு போனால் லினக்ஸ் இயங்குதளத்தை அதில் எரித்துத் தரும். டயல்-அப் காலம், வீட்டில் இறக்கினால் போன் பில் வீட்டை விற்றுவிடும். நான் சனிக்கிழமை சனிக்கிழமை பத்து சிடியைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நிற்பேன். பிள்ளைகளின் அம்மா, "ரொட்டி சுடப் போகிறார்" என்று கிண்டல் பண்ணுவாள்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், உபுண்டு என்ற லினக்ஸைத் தொடங்கியவரும் அந்த ஷட்டில்வர்த்தான், நம் வெல்கம் ஊரில் பிறந்தவர், உபுண்டு என்ற சொல்லும் நம் மண்ணின் சொல். அவர்களிடம் ஆரம்பத்திலிருந்தே ஒரு நடத்தை விதி உண்டு. உறுப்பினர் ஆக வேண்டுமானால் அதில் ஜிபிஜி என்ற மறையாக்கச் சாவியால் கையெழுத்துப் போட வேண்டும், நானும் போட்டேன். சாவி செய்து, அதை ஏற்றி, சரிபார்த்து, ஒரு ராத்திரி முழுக்கப் போனது. அதில் என்ன இருந்தது? மற்றவரை நினைத்துப் பார், மரியாதையாக இரு, சேர்ந்து வேலை செய், ஒத்துவராவிட்டால் கலந்து பேசு, தெரியாவிட்டால் கேள், விலகினால் சொல்லிவிட்டு விலகு. கடைசி விஷயத்தை இந்தக் காலத்தில் யாரும் எழுதுவதே இல்லை.

இன்ன சாமான் விற்காதே என்று அதில் ஒரு சொல் கிடையாது. அன்றைக்கு எம்எல்எம் சோப்பு விற்றவர்கள் இல்லையா? எங்கள் லினக்ஸ் குழுவிலேயே ஒருவர் வைட்டமின் மாத்திரை விற்றார், எல்லாரிடமும். "கூட்டத்துக்கு வந்தால் கூட்டத்தைப் பார், மாத்திரையைக் காரில் வை" என்றோம். அதற்காக வைட்டமின் தடை விதி எழுதவில்லை.

துனி நாலு ஜாக் செவ்வாய், இரவு 7:15

தாத்தா, அந்த மாத்திரைக்காரர் எங்கள் தெருவுக்கும் வந்தார் போலிருக்கிறது.

நான் கொஞ்சம் தேடிப் படித்தேன். பெரிய மனிதர்களே விற்றிருக்கிறார்கள். வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ அந்த மூல நிரலை என்எஃப்டியாக 2021-ல் சதபீஸ் ஏலத்தில் விட்டார், 54 லட்சம் டாலர். 1993-லேயே எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்த நிரல் அது! அதே வருடக் கடைசியில் விக்கிபீடியாவின் ஜிம்மி வேல்ஸ், தளம் தொடங்கிய அன்று எழுதிய முதல் திருத்தத்தை ஏழரை லட்சம் டாலருக்கு. நம் ஊரிலும் உண்டு, 2022 மார்ச்சில் மண்டேலாவைக் கைது பண்ணின வாரண்டை என்எஃப்டியாக்கி 19 லட்சம் ரேண்டுக்கு ஏலம் விட்டார்கள். பணம் லிலீஸ்லீஃப் அருங்காட்சியகத்துக்கு, கொரோனா காலத்தில் அங்கே ஆள் வரத்து நின்றுபோயிருந்தது.

நம் வரைவுப்படி பார்த்தால் டிம் பெர்னர்ஸ்-லீ நம் நிரலுக்கு ஒரு திருத்தம் அனுப்பினால் வாங்க முடியாது. எனக்கு அது கொஞ்சம் சிரிப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கறிவேப்பிலை செவ்வாய், இரவு 7:50

அவர் அனுப்பும்போது பார்த்துக்கொள்ளலாம்.

வளைகோடு (டொங்காட்) செவ்வாய், இரவு 11:58

நான்தான் அது. இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று. "நம்மில் ஒருவர்" என்று பெயர் சொல்லாமல் எழுதியதற்கு நன்றி அண்ணா, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

முதலில் தப்பு. சின்னத்தை எடுத்துவிட்டேன், நிரலின் பெயர் "இதில் வரைந்தது" என்று கீழே சின்ன எழுத்தில் மட்டும் இருக்கிறது. கோலம் கொடுத்தவர்கள் பெயரை இன்று ஒவ்வொரு பக்கத்திலும் சேர்த்தேன். தொகுப்புக் கோப்பில் பெயர் தனி வரியாக இருக்கிறது, படமாக ஏற்றுமதி பண்ணும்போது அது போய்விடுகிறது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை. சாட்டில் போட்டது முட்டாள்தனம். அந்தச் சந்தைக் குழுக்களில் எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், நானும் அதே வார்த்தையைக் காப்பி அடித்தேன்.

முப்பதில் பதினொன்று விற்றது. சந்தைக் கட்டணம் போக என் கையில் வந்தது 2,300 ரேண்டுக்குக் கொஞ்சம் மேல். கறிவேப்பிலை அக்கா, உங்கள் அத்தான் கதையைப் படித்துவிட்டு நான் தூங்கவில்லை. ஆனால் நான் யாரிடமும் மாதம் பத்து சதவீதம் என்று சொல்லவில்லை. எனக்கு எட்டு மாதமாக வேலை இல்லை. இந்த நிரலுக்கு இரண்டு வருடமாக எழுதுகிறேன், வளைவுகளை மென்மையாக்கும் பகுதி முழுக்க நான் எழுதியது. நிரல் எழுதிப் படம் வரைகிறவர்களுக்கு முதல் முறையாகக் காசு வந்த இடம் இதுதான். அச்சிட்டு விற்றால் யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள். நான் மே மாதம் டொங்காட் சந்தையில் இதே கோலத்தை டி-ஷர்ட்டில் போட்டு விற்றேன், உம்கேனி அண்ணாவே இரண்டு வாங்கினார்.

தூக்குவதென்றால் தூக்குங்கள். ஆனால் எதற்காக என்று சரியாக எழுதுங்கள்.

உம்கேனிக்கரை புதன், காலை 7:05

வாங்கினேன். ஒன்று சாயம் போய்விட்டது, அது வேறு விஷயம்.

கோல வீடு (சாட்ஸ்வர்த்) புதன், மாலை 4:20

நான் இங்கே எழுதுவது முதல் தடவை. சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொகுப்பில் இருக்கும் கோலங்களில் பத்தொன்பது என் ஆயா போட்டது. விற்றவற்றில் நான்கு அவருடையது. நீங்கள் எல்லாரும் உரிமம், வரையறை, எதீரியம் என்று பேசுகிறீர்கள். நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

ஆயா ஸ்டூப்பை (வாசல் திண்ணையை) கழுவிவிட்டு மீலி மாவில், அதாவது மக்காச்சோள மாவில், போட்டார். பச்சரிசி மாவு விலை அதிகம் என்று அவர் அம்மா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் மீலி மாவுதான். கரும்புத் தோட்டத்து லைன் வீட்டில் ஆரம்பித்த பழக்கம். நீங்கள் போன் வைத்துப் படம் எடுத்தீர்கள். ஒரு தாளைக் கொடுத்து கையெழுத்துக் கேட்டீர்கள். தாள் இங்கிலீஷில் இருந்தது. "யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், சரிதானே ஆயா" என்று கேட்டீர்கள். "கோலம் யாருக்குச் சொந்தம், காலையில் போட்டால் சாயங்காலம் கோழி தின்றுவிடும்" என்று சிரித்துக்கொண்டே போட்டார்.

விற்கலாம் என்பதும் அந்தத் தாளில் இருந்தது. யாரும் வாயால் சொல்லவில்லை. ஆகவே வளைகோடு அண்ணா மேல் மட்டும் எனக்குக் கோபம் இல்லை. தாள் கொண்டுவந்த எல்லார் மேலும் கொஞ்சம் உண்டு.

ஆயாவிடம் இன்னும் காட்டவில்லை. சனிக்கிழமை காட்டுகிறேன்.

உம்கேனிக்கரை புதன், இரவு 9:10

தங்கச்சி, அந்தத் தாளைக் கொண்டுவந்தவன் நான்தான். விற்பதைப் பற்றி வாய்விட்டுச் சொல்லாதது என் தப்பு. அப்போது யார் விற்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

என் வரைவைத் திரும்பப் பெறுகிறேன். இரண்டு இரவு உட்கார்ந்து மற்றவர்கள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். நிறையப் பேர் எடுத்தாள்வது கான்ட்ரிபியூட்டர் கவனன்ட் என்ற விதித் தொகுப்பு. 2014-ல் வந்தது, லினக்ஸ் கர்னலே 2018-ல் அதை எடுத்துக்கொண்டது. அதன் எல்லை சமூகத்தின் இடங்களும், சமூகத்தின் சார்பில் ஒருவர் வெளியே பேசும் சமயங்களும்தான். அதற்கு அப்பால் ஒருவர் தன் வீட்டில் என்ன விற்கிறார் என்பதற்குள் அது போகவில்லை.

பெரிய இடங்களில் நடந்த சண்டைகளையும் பார்த்தேன். மொசில்லா கிரிப்டோவில் நன்கொடை வாங்குவதை 2022 ஜனவரியில் நிறுத்திவைத்தது. விக்கிமீடியா அதே வருடம் மே மாதம், தன்னார்வலர்கள் ஓட்டுப் போட்ட பிறகு, வாங்குவதையே விட்டது. இரண்டிலும் கேள்வி "நம் பெட்டியில் இந்தப் பணம் விழலாமா" என்பது. "நம் ஆள் தன் வாலட்டில் வைத்திருக்கலாமா" என்பது இல்லை. நான் முதலில் எழுதியது இரண்டாவது.

புது வரைவு:

"நம் சாட் அறை, இழைகள், இஷ்யூக்கள், சந்திப்புகள் எதிலும் எந்தப் பொருளுக்கும் முதலீட்டுக்கும் விற்பனை அழைப்பு விடக் கூடாது. விலை ஏறும், லாபம் வரும் என்று சொல்லி யாரையும் வாங்கத் தூண்டக் கூடாது. நிரலின் பெயரையும் சின்னத்தையும் சமூகமே விற்பதுபோல் தோன்றும்படி வைக்கக் கூடாது. தொகுப்புக் கோலத்தை எங்கே பயன்படுத்தினாலும் கொடுத்தவர் பெயர் தெரிய வேண்டும்."

இதில் என்எஃப்டி என்ற சொல் இல்லை. வேண்டுமென்றே விட்டேன்.

கறிவேப்பிலை வியாழன், காலை 6:30

சொல்லை விட்டதுதான் எனக்கு ஒத்துவரவில்லை.

அறையைக் காவல் காப்பது நான். இரவு பதினொரு மணிக்கு ஒருவன் வந்து "இது விற்பனை அழைப்பு இல்லை அக்கா, என் கலையைப் பகிர்ந்தேன்" என்பான். "விலை ஏறும் என்று சொல்லவில்லை, கொஞ்சம்தான் இருக்கிறது என்றேன்" என்பான். ஒவ்வொருவனோடும் நான் வழக்காட வேண்டும். சொல் இருந்தால் சொல்லைக் காட்டிவிட்டுத் தூங்கப் போவேன். வால்வ் நிறுவனம் 2021-ல் ஸ்டீம் என்ற தன் விளையாட்டுக் கடையில் அப்படித்தான் செய்தது: பிளாக்செயின் விளையாட்டு, என்எஃப்டி மாற்றும் விளையாட்டு வேண்டாம், அவ்வளவுதான். மைன்கிராஃப்ட் விளையாட்டை நடத்துகிறவர்களும் 2022 ஜூலையில் பெயர் சொல்லியே வேண்டாம் என்றார்கள். அவர்களுக்கு இருக்கும் ஆள்பலம் எனக்கு இல்லை, எனக்குத்தான் தெளிவான வரி அதிகம் தேவை.

போன வருடமா அதற்கு முன்னாலா நினைவில்லை, "டீ" கூத்தை மறந்துவிட்டீர்களா?

மிட்ராண்ட் மழை வியாழன், மதியம் 12:45

2024 ஆரம்பத்தில் அக்கா. மேக் கணினியில் நிரல்களை நிறுவித் தரும் ஹோம்ப்ரூவை எழுதினவர் தொடங்கிய திட்டம். ஓப்பன் சோர்ஸ் எழுதுகிறவர்களுக்கு வில்லையாகக் காசு கொடுக்கிறோம் என்றார்கள், நோக்கம் நல்லதுதான். உடனே முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அடுத்தவர் நிரலில் தங்கள் வாலட் விவரக் கோப்பைச் சேர்க்கச் சொல்லி புல் ரிக்வெஸ்ட் (திருத்தக் கோரிக்கை) அனுப்ப ஆரம்பித்தார்கள். நிரல் பேக்கேஜ்களைப் பகிரும் என்பிஎம் தளத்தில் உள்ளே ஒன்றுமில்லாத பேக்கேஜ்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. டீக்கு இருந்த நல்ல பெயரும் போனது.

ஆனால் அதில் ஒரு என்எஃப்டிகூட இல்லை, பாருங்கள். உங்கள் தெளிவான வரி அதைப் பிடித்திருக்காது.

டோஸ்டர் தாத்தா வியாழன், மாலை 6:00

டி-ஷர்ட்டுக்கே அந்தக் கூத்து நடந்தது அம்மா. 2020 அக்டோபரில், நாலு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் ஒரு டி-ஷர்ட் என்று ஒரு விழா. வருடா வருடம் நடப்பதுதான், அந்த வருடம் ஒரு யூடியூப் வீடியோ பார்த்துவிட்டு வந்தவர்கள் ஊரில் உள்ள நிரல்களின் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் எல்லாம் "அற்புதமான நிரல்" என்று ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பினார்கள். இரண்டு மூன்று நாளில், விருப்பம் சொன்ன நிரல்கள் மட்டும் கலந்துகொள்ளலாம் என்று மாற்ற வேண்டியதாயிற்று. அதற்காக யாரும் பருத்தியைத் தடை செய்யவில்லை.

ஆனால் கறிவேப்பிலை சொல்வதில் நியாயம் இருக்கிறது. காவல் காக்கிறவள் தூங்க வேண்டும். விதிக்குக் கீழே உதாரணம் என்று ஒரு பத்தி போடுங்கள்: என்எஃப்டி இணைப்பு, கிரிப்டோ வில்லை, எம்எல்எம், வைட்டமின் மாத்திரை. விதி அப்படியே இருக்கட்டும், உதாரணத்தை மாற்றிக்கொண்டே போகலாம்.

கறிவேப்பிலை வியாழன், இரவு 8:20

உதாரணத்தில் முதல் சொல் என்எஃப்டி என்றால் ஒப்புக்கொள்கிறேன். முழுத் தடைதான் சரி என்ற என் எண்ணம் மாறவில்லை, அதையும் பதிவில் வையுங்கள். இன்னொன்று: காவலுக்கு என்னோடு இன்னும் இருவர் வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் எந்த விதியும் எழுத வேண்டாம், வீண் வேலை.

துனி நாலு ஜாக் வியாழன், இரவு 8:31

நான் வருகிறேன் அக்கா. ராத்திரி ஷிப்ட் எனக்குப் பழக்கம்.

வளைகோடு வெள்ளி, காலை 10:15

எனக்குச் சம்மதம். நானும் வருகிறேன் என்று சொல்ல இருந்தேன், இப்போது சொன்னால் நன்றாக இருக்காது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அடுத்த முறை யாராவது விற்றால் கொடுத்தவருக்கும் ஒரு பங்கு போகும்படி உரிமத்திலேயே எழுத முடியுமா? என்எஃப்டியில் மறுவிற்பனைக்கும் பங்கு வரும் என்று நம்பித்தான் நான் போனேன். ஓப்பன்சீ 2023-லேயே அந்தப் பங்கைக் கட்டாயம் இல்லை என்று ஆக்கப்போவதாக அறிவித்துவிட்டது. விற்கிறவர் விரும்பினால் கொடுக்கலாமாம். யார் விரும்புவார்கள்?

மிட்ராண்ட் மழை வெள்ளி, காலை 11:00

உரிமத்தில் எழுதினால் அது கிரியேட்டிவ் காமன்ஸின் அந்த வகையாக இருக்காது தம்பி, தொகுப்பு முழுவதற்கும் மறுபடி கையெழுத்து வாங்க வேண்டும். ஆனால் மறுபடி வீடு வீடாகப் போக வேண்டும் என்பதுதான் என் எண்ணமும். தமிழிலும் இங்கிலீஷிலும் தாள், "விற்கவும் செய்வார்கள், சரியா" என்று வாயால் கேட்பது. வேண்டாம் என்பவர் கோலத்தை இனிவரும் பதிப்பிலிருந்து எடுத்துவிடலாம். ஏற்கெனவே வெளியே போனதைத் திரும்பக் கூப்பிட முடியாது, அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

உம்கேனிக்கரை வெள்ளி, இரவு 9:00

சரி. விதியும் உதாரணப் பத்தியும் ஞாயிறு மாலை ஏறும். எதிர்ப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். கறிவேப்பிலையின் எதிர்ப்பு அப்படியே பதிவில் இருக்கும். அடுத்த மாதத்திலிருந்து சனிக்கிழமைகளில் வீடு வீடாகப் போகிறேன், யார் கூட வருகிறீர்கள் என்று கீழே சொல்லுங்கள். முதல் வீடு சாட்ஸ்வர்த்.

கோல வீடு சனி, மதியம் 2:40

ஆயாவிடம் லேப்டாப்பில் காட்டினேன். விற்ற கதையையும் சொன்னேன். "எவ்வளவுக்கு?" என்று கேட்டார், சொன்னேன். "அவ்வளவுதானா" என்றார். அவர் பெயரைப் பக்கத்தில் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

அப்புறம் படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். 13 புள்ளி, 7 வரை, ஊடுபுள்ளி, அந்த நீலப் படம். திரையில் விரலை வைத்துக் கோட்டைப் பின்தொடர்ந்துகொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றுவிட்டார். மேலிருந்து நான்காவது வரிசையில், இடது ஓரத்தில், ஒரு புள்ளி கோட்டுக்கு வெளியே தனியாக நிற்கிறதாம். கீழே இருந்து நான்காவதிலும் அப்படியே. "நான் இப்படிப் போடவில்லை, புள்ளியை அநாதையாக விடுவேனா" என்கிறார். போனில் எடுத்த பழைய படத்தைப் பார்த்தேன், அதில் சுழி சரியாக இருக்கிறது.

வளைகோடு சனி, மதியம் 3:25

ஆயா சொல்வது சரி. நிரலின் பிழை, என் பகுதியில்தான். 10 புள்ளி வரிசை நடுவிலிருந்து மூன்றாவது, ஒன்றரைப் புள்ளி தள்ளி ஆரம்பிக்க வேண்டும். நான் எழுதியது அரையை விழுங்கிவிட்டு ஒன்று என்று எடுத்துக்கொள்கிறது. 12-லும் 8-லும் அதே தப்பு, இந்தக் கோலத்தில் அங்கே ஓரச் சுழி இல்லாததால் கண்ணில் படவில்லை. இஷ்யூ போட்டுவிட்டேன், இன்று இரவே திருத்தம் அனுப்புகிறேன்.

விற்ற படத்தை மாற்ற முடியாது. கோப்பு ஐபிஎஃப்எஸ் என்ற சேமிப்பு வலையில் இருக்கிறது, அங்கே கோப்பின் உள்ளடக்கத்திலிருந்துதான் முகவரி வருகிறது, ஒரு புள்ளி மாறினாலும் முகவரியே மாறிவிடும், வில்லையில் பழைய முகவரிதான் எழுதியிருக்கிறது.

கோல வீடு சனி, மதியம் 3:50

சொன்னேன். வாங்கினவர் எந்த ஊர் என்று கேட்கிறார். டர்பன் பக்கம் வந்தால் வீட்டுக்கு வரச் சொல்லு, சரியாகப் போட்டுக் காட்டுகிறேன் என்கிறார்.